சந்தாப் பூட்டும் சிவகாசி அச்சகங்களும்

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த ஆண்டுக்குரிய நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பத்தைப் பூஜையிட்டு வெளியிட்டு, அன்று தொடங்கி மார்கழி முடியும்வரை ஓய்வின்றி ஓடுகின்ற சிவகாசி அச்சகங்களில், மின்தடையாலும் தாள் தட்டுப்பாட்டாலும் வேலை நின்றுபோவது பழைய கஷ்டம். இப்பொழுது அவற்றோடு புதியதொரு கஷ்டமும் சேர்ந்திருக்கிறது. வடிவமைப்பாளர் கணினியில் வேலையை முடித்து, அதை அச்சுக்குரிய கோப்பாக வெளியே எடுக்கப் போகும் தறுவாயில், இந்த வசதி உங்கள் திட்டத்தில் இல்லை, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள் என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கிறது.

பூட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் கவனித்தால் விஷயத்தின் தன்மை விளங்கும். கேன்வா என்னும் வடிவமைப்பு மென்பொருளின் இலவசத் திட்டத்தில் படத்தையும் எழுத்தையும் இசைத்து ஒரு பக்கத்தை அழகாக அமைக்கலாம், பிடிஎஃப் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அக்கோப்பு திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலம் என்ற முறையில்தான் வருமேயன்றி, ஆஃப்செட் இயந்திரத்துக்கு வேண்டிய சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ண முறையில், அதாவது சிஎம்ஒய்கே கோப்பாக, அதை எடுக்க வேண்டுமானால் கட்டணம் செலுத்தும் திட்டத்துக்குச் சென்றாக வேண்டும். வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அன்று. நான்கு கலருக்கு நான்கு பிளேட் போட்டுப் பிழைக்கும் ஊருக்கோ அதுவே தொழிலின் ஆதாரம். ஆகவே எது அடிப்படை வசதி, எது ஆடம்பரம் என்பதை வாங்குகிறவருடைய வேலை தீர்மானிக்க வேண்டுமே அல்லாமல், விற்கிறவருடைய கட்டணப் பட்டியல் தீர்மானிக்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இல்லாத வசதிக்கு விலை கேட்பது ஒரு வகை. இருந்த வசதியை எடுத்துக்கொண்டு விலை கேட்பது அதனினும் கொடிய வகை. பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு நிறம் நிலைத்துவிட்டபின், அந்த நிறம் ஒவ்வோர் அச்சிலும் மாறாமல் வருவதற்கு, நான்கு வண்ணக் கலப்பை நம்பாமல், எண்ணிட்டுக் குறித்த தனி மையை உபயோகிப்பது அச்சுத் தொழிலில் வழக்கம். அவ்வாறு உலகமெங்கும் பயிலும் நிற எண்வரிசை பேன்டோன் நிறுவனத்தினுடையது. பல ஆண்டுகளாக அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றோடு சேர்ந்தே வந்த அந்த நிறத் தொகுப்புகளில் பெரும்பாலானவை, இரு நிறுவனங்களுக்கும் இடையிலான உரிம ஏற்பாடு மாறியதால், 2022-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து பெறுவதற்கு மாதம் 15 டாலர் என்ற தனிச் சந்தா நிர்ணயிக்கப்பட்டது. என்றோ முடித்துப் பத்திரப்படுத்திய பழைய கோப்புகளைத் திறந்தவர்கள், தாங்கள் வைத்த நிறம் இருந்த இடத்தில் கறுப்பைக் கண்டார்கள். தன் கையால் செய்த வேலையை முழுமையாகப் பார்ப்பதற்கே மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்ற நிலையை எந்தத் தொழிலாளியும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளலாகாது.

1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுவர, அதற்குத் துணையாக லேபிள் அச்சுத் தொழிலும் வளர்ந்த ஊர் சிவகாசி. இங்கே அச்சு இயந்திரத்தை வாங்கினால் அது வாங்கினவருக்குச் சொந்தம். கழற்றிச் செப்பனிடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். கணினி வந்த புதிதில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் அவ்வாறே, ஒருமுறை பணம் கொடுத்தால் காலவரையின்றி உபயோகிக்கும் உரிமத்தோடு கிடைத்தன. 2013 மே மாதத்தில் அடோபி தன் வடிவமைப்புத் தொகுப்பின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. பிறரும் அவ்வழியே திரும்பினார்கள். சந்தாவில் நாம் பெறுவது பொருளன்று, நிபந்தனைக்கு உட்பட்ட அனுமதி. அந்த நிபந்தனையையும், எந்த வசதி எந்தத் திட்டத்தில் அடங்கும் என்பதையும், விற்பவர் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் மாற்றிக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பார்.

இவ்வாறு பூட்டுவதற்குக் காரணம் அந்த வசதியை அளிப்பதில் உள்ள செலவு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படியன்று. 1849-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி, ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டது கூரைச் செலவை மிச்சப்படுத்துவதற்கன்று, இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவர்கள் மூன்றாம் வகுப்பை நாடாதபடி அச்சுறுத்துவதற்கே என்று எழுதிவைத்தார். 1990-இல் ஐபிஎம் நிறுவனம் நிமிஷத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் லேசர் பிரின்டரோடு ஐந்து பக்கம் மட்டுமே அச்சிடும் மலிவான வகையையும் விற்றது. வேகத்தைக் குறைப்பதற்கென்றே அந்த மலிவு வகைக்குள் கூடுதலாக ஓர் உறுப்பைப் பொருத்தியிருந்தது. மென்பொருளில் அத்தகைய உறுப்புக்கூட வேண்டியதில்லை. எழுதி முடித்த வசதி எல்லாருடைய பிரதியிலும் அடங்கியிருக்க, பணம் கட்டினவருக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டால் போதும்.

வியாபாரத்தில் வேறுபட்ட விலை வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம் ஒருவருக்கான உரிமத்தைவிட அதிகம் கொடுப்பது நியாயந்தான். ஆனால் மூன்று காரியங்கள் மேல்திட்டத்துக்குள் பூட்டப்படலாகாது: தன் வேலையைத் தான் வெளியே எடுத்துச் செல்லும் வழி, திருட்டிலிருந்தும் மோசடியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளும் சாதனம், சட்டம் கட்டாயமாக்கிய கடமையை நிறைவேற்றும் வசதி. இரண்டாவதன் அபாயத்தை உலகம் 2023-இல் கண்டது. அவ்வாண்டு அமெரிக்க அரசுத் துறைகளின் மின்னஞ்சலுக்குள் அந்நியர் புகுந்ததை வெளியுறவுத் துறை கண்டுபிடித்தது, மைக்ரோசாஃப்டின் அதிக விலைத் திட்டத்தில் மட்டுமே கிடைத்த விரிவான பதிவேடுகளுக்கு அது பணம் கட்டியிருந்ததால்தான். அந்தத் திட்டத்தில் சேராதவர்களிடம் பார்ப்பதற்கே அந்தப் பதிவேடு இல்லை. கண்டனம் எழுந்தபின், அதே ஆண்டு ஜூலையில், அவற்றில் பலவற்றைக் கூடுதல் கட்டணமின்றி அளிப்பதாக நிறுவனம் அறிவித்தது.

மூன்றாவதைக் கணக்குப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்கள், 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும் மென்பொருளையே உபயோகிக்க வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால், 2023 ஆகஸ்டு முதல், வியாபாரிகளுக்கு அனுப்பும் பில்லுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயம். எனவே கணக்கு மென்பொருளை வாங்குமுன், இவை எந்தத் திட்டத்தில் அடங்கியிருக்கின்றன, பழைய கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா, சந்தா முடிந்தபின் கணக்கைப் பார்க்கவாவது அனுமதி உண்டா என்பவற்றை விற்பனையாளரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் பிற்பாடு சாட்சிக்கு உதவாது. 1.5 கோடிக்கு உட்பட்ட விற்பனையுள்ளவர்களுக்குக் கட்டணமில்லாக் கணக்கு மென்பொருளை ஜிஎஸ்டி வலையமைப்பே 2019-இல் ஏற்பாடு செய்தது. பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், நான்கு வண்ணப் பிரிப்போடும் தனி நிறங்களோடும் பிடிஎஃப் எடுத்துத் தருகிறது. பழகச் சில வாரங்கள் ஆகலாம், ஆனால் அதில் எந்தக் கதவுக்கும் பூட்டில்லை.

இனிச் சட்டத்தின் பரிகாரம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோர் என்று கொள்வதில்லை. ஆயினும் தன் ஜீவனத்துக்காகச் சுயதொழில் செய்கிறவர், அத்தொழிலுக்கென்று வாங்கித் தாமே உபயோகிக்கும் பொருளைப் பொறுத்தவரையில், நுகர்வோராகவே கருதப்படுவார். ஒற்றைக் கணினியோடு டிடிபி வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறவருக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. பெரிய அச்சகக் கம்பெனிக்கு அது எளிதில் திறவாது: ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களுக்கென்று மென்பொருள் உரிமம் வாங்கிய ஒரு கம்பெனி, லாப நோக்கத்தோடு அதை வாங்கியதால், நுகர்வோர் ஆகாது என்று 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகையவர்கள் ஒப்பந்தச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றத்தையோ, ஆதிக்க நிலையைத் துர்உபயோகம் செய்தார்கள் என்று காட்ட முடிந்தால் இந்தியப் போட்டி ஆணையத்தையோ நாட வேண்டும்.

நுகர்வோராக நிற்கக் கூடியவருக்கு 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான இருண்ட உத்திகள் பற்றிய வழிகாட்டு விதிகள் பெரிய துணை. அவற்றில் தடுக்கப்பட்ட 13 உத்திகளுள், வெளியேற முடியாத சந்தாப் பொறி, வாங்க வந்த பொருளோடு வேண்டாத மற்றொன்றையும் வாங்கும்படி நிர்ப்பந்தித்தல், ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருதல் ஆகியவை அடங்கும். வசதியைப் பூட்டிவைப்பதே குற்றம் என்று அவ்விதிகள் சொல்லவில்லை. பூட்டை மறைத்து விற்பதையும், வெளியேறும் வழியை மறைப்பதையுமே தடுக்கின்றன. மலிவான திட்டம் இருந்தும் அதை மறைத்தால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். மைக்ரோசாஃப்ட் 365-இன் ஆண்டுச் சந்தாவைச் செயற்கை நுண்ணறிவு வசதியைச் சேர்த்து 109 டாலரிலிருந்து 159 டாலராக உயர்த்தியபோது, பழைய வசதியோடு பழைய விலையிலேயே தொடரும் திட்டமும் இருந்தது, ஆனால் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினால்தான் அது கண்ணில் படும் என்று கூறி, அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் இருப்பவர் வழக்குக்காக பெங்களூருக்கோ டில்லிக்கோ போக வேண்டியதில்லை. வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, இணைய வழியாகவும், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது. அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது நல்லது. பலரையும் ஒருசேரப் பாதிக்கும் முறைகேடாயின் மாவட்ட ஆட்சியரிடமே எழுதிக் கொடுக்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஒரே மென்பொருளால் பாதிக்கப்பட்ட அச்சகத்தார் பலர் சேர்ந்து கையெழுத்திட்டால் அதன் வலிமை அதிகம். புகாருக்குச் சாட்சியாக, வாங்கிய நாளில் விற்பனைப் பக்கத்தில் இருந்த வசதிப் பட்டியலின் திரைப்பிடிப்பையும், ரசீதையும், பிற்பாடு வந்த மறுப்பு அறிவிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும். கார்டில் தானாகக் கழியும் சந்தாவுக்கு, ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கழிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாகவே வங்கியிலிருந்து தகவல் வந்தாக வேண்டும். அந்தத் தகவலிலிருந்தே அவ்வனுமதியை ரத்து செய்துகொள்ளலாம். ரத்து செய்யுமுன், கோப்புகள் யாவற்றையும் வேறு மென்பொருளிலும் திறக்கக் கூடிய வடிவில் வெளியே எடுத்து, அவற்றுள் இரண்டொன்றைத் திறந்து நிறமும் எழுத்தும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.