எது முடிந்த பிறகு? வன்கொடுமையும் பி.டி.எஸ்.டி. கண்டறிதலும்

தோழர்களே, ஒரு வன்கொடுமை நடந்தால் எரிந்த குடிசைகளை எண்ணுகிறோம். காயத்துக்கு மருத்துவச் சான்று வாங்குகிறோம். முதல் தகவல் அறிக்கைக்கு அலைகிறோம். உறக்கம் போனவர்களின் கணக்கு அறிக்கைகளில் அரிதாகவே வருகிறது. அந்தத் துயரத்துக்கும் மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி.

அந்தப் பெயரே போராடிப் பெற்றதுதான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களும் அவர்களோடு நின்ற மனநல மருத்துவர்களும் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இதைச் சேர்த்தது.

எப்படிக் கண்டறிகிறார்கள்? கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதலில் நிகழ்வைப் பார்க்கிறது: சாவு, சாவு அச்சுறுத்தல், கடுங்காயம், பாலியல் வன்முறை. இவை தனக்கே நேர்ந்திருக்கலாம், கண்ணெதிரே நடந்திருக்கலாம், நெருங்கிய உறவுக்கு நேர்ந்ததாக அறிந்திருக்கலாம். அடுத்து நான்கு வகை அறிகுறிகள். வேண்டாத நினைவு தானே திரும்பி வருவது. அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது. தன்னையே பழித்துக்கொண்டு, யாரையும் நம்பாமல் மனம் மரத்துப்போவது. சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எந்நேரமும் விழிப்பாக இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும். 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. 80 மதிப்பெண்ணுக்கு 31 முதல் 33ஐத் தொட்டால் சந்தேகிக்கலாம். அது வெறும் சல்லடை. உறுதிசெய்ய, பயிற்சி பெற்றவர் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். (படிவத்தோடு சேரிக்குள் கிளம்பும் ஆர்வலர்கள் இதைக் கவனிக்க.)

சிக்கல் 'பிந்தைய' என்ற சொல்லில் இருக்கிறது. வீட்டைக் கொளுத்தியவன் பிணையில் வந்து அதே தெருமுனையில் நிற்கிறான். சாட்சி சொல்லாதே என்று ஆள் வருகிறது. பைக் சத்தம் கேட்டதும் ஒரு தாய் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினால், அது நோய்க்குறியா, முன்யோசனையா? மதிப்பிடுபவர் "என்ன பயம்?" என்பதோடு "அவன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்றும் கேட்டாக வேண்டும். ஆபத்து உண்மை என்பதால் துர்க்கனவுக்குச் சிகிச்சை வேண்டாம் என்றாகாது; ஆனால் பாதுகாப்பில்லாத இடத்தில் மாத்திரை மட்டும் போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சாட்சிகளுக்குத் தரும் பாதுகாப்பையும் சிகிச்சையின் பகுதியாகவே நாம் கேட்க வேண்டும்.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 18 பழங்குடிப் பெண்கள்மீது அரசு ஊழியர்களே பாலியல் வன்கொடுமை இழைத்தது 1992 ஜூனில். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011இல். அந்த 19 ஆண்டுகளில் எந்த நாளை 'பிந்தைய' என்பது?

இரட்டைக் குவளையும் வகுப்பறைச் சாதிக் கேலியும் கையேட்டின் முதல் அளவுகோலுக்குள் வருவதில்லை. அது கையேட்டின் எல்லை, வலியின் எல்லை அல்ல. மருத்துவச் சான்று வழக்குக்கு உதவும். சான்று இல்லாததால் கொடுமை நடக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட விடக்கூடாது. கொடுமைக்கு ஆளான பலருக்கு இந்த நோய் வருவதில்லை.

உண்மையறியும் குழுக்களில் போகும் மாணவர்களுக்கு ஒன்று. பேச மறுப்பதும், முக்கியமான பகுதி நினைவில் இல்லாததும் இந்த நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள்; வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு குழு பதிவு செய்த வாக்குமூலத்தை, சொன்னவரின் ஒப்புதலோடு, அடுத்த குழு வாங்கிப் படிக்கட்டும். அதே பெண்ணை ஐந்தாம் முறையாகச் சொல்லவைக்க வேண்டாம்.