முள் தையல்நூல் (கால்நடை அறுவை மருத்துவம்)

முள் தையல்நூல் என்பது மேற்பரப்பில் நுண்ணிய முட்கள் செதுக்கப்பட்ட அறுவைத் தையல்நூல் ஆகும். இம்முட்கள் திசுவைப் பற்றிக்கொள்வதால் தையலை முடிச்சிட்டு நிறுத்த வேண்டியதில்லை. மனித அறுவை மருத்துவத்திற்காக உருவாக்கப்பட்ட இந்நூல் பின்னர் நாய், குதிரை முதலிய விலங்குகளின் அறுவைகளிலும் பயன்பாட்டிற்கு வந்தது. எனினும் வழக்கமான நூலுக்கு இது எல்லா இடத்திலும் மாற்றாகாது. முடிச்சிடுவது கடினமான இடங்களிலேயே இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது.

முடிச்சின் சிக்கல்

வழக்கமான தையலில் வலுக்குறைந்த இடம் முடிச்சே ஆகும். அங்கு நூல் கூர்மையாக வளைந்து தன்மீதே உராய்வதால், இழுவிசை கூடும்போது பெரும்பாலும் முடிச்சின் அருகிலேயே அறுகிறது. ஒற்றையிழை நூல்கள் விறைப்பானவை. முடிச்சு வழுக்காமல் இருக்க அவற்றிற்குக் கூடுதல் சுற்றுகள் தேவை. சுற்றுகள் கூடினால் உடலுக்குள் தங்கும் அயற்பொருளின் அளவும் கூடும். தொடர் தையலில் வரிசை முழுவதும் இரு முனைகளிலுள்ள முடிச்சுகளையே நம்பியிருப்பதால், ஒன்று அவிழ்ந்தாலும் தையல் தளர்ந்துவிடும். அறுவை முடிந்த நாயிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்ல இயலாது என்பதால், கால்நடை மருத்துவத்தில் இது சிறிய செய்தியன்று.

அமைப்பு

முட்கள் நூலின்மேல் ஒட்டப்படுவதில்லை. நூலையே சாய்வாகக் கீறி உருவாக்கப்படுகின்றன. ஊசி செல்லும் திசையில் நூல் எளிதாக நகரும். எதிர்த்திசையில் இழுத்தால் முட்கள் விரிந்து திசுவில் மாட்டிக்கொள்ளும். ஒருதிசை நூலின் ஒரு முனையில் ஊசியும் மறுமுனையில் சிறு கண்ணியும் இருக்கும். முதல் தையலிட்டபின் ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் நூல் நிலைபெறும். இருதிசை நூலில் இரு முனைகளிலும் ஊசிகள் உண்டு. தையல் நடுவில் தொடங்கி இருபுறமும் செல்லும்.

கீறுவதால் நூலின் உட்பகுதி மெலிகிறது. எனவே ஒரே விட்டமுள்ள வழுவழுப்பான நூலைவிட முள் நூல் வலுக்குறைந்தது. ஆனால் வழுவழுப்பான நூலும் முடிச்சிட்டபின் தன் வலிமையில் ஒரு பகுதியை இழப்பதால், நடைமுறையில் வேறுபாடு குறைகிறது.

வரலாறு

ஜான் அல்காமோ என்பவர் 1964 இல் முள் தையல்நூலுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1967 இல் மெக்கென்சி என்பவர் கைவிரல் தசைநாண்களைத் தைப்பதற்கான நைலான் முள் நூலைப் பற்றி எழுதினார். பரவலான பயன்பாட்டிற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 'குவில்' என்னும் இருதிசை நூலுக்கு 2004 இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது; 'வி-லாக்' என்னும் ஒருதிசை நூல் அதன்பின் வந்தது. குவில் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முள்ளம்பன்றியின் முள் என்றும் பொருள் உண்டு. வட அமெரிக்க முள்ளம்பன்றியிடம் குத்துப்பட்ட நாய்களிடமிருந்து முட்களைப் பிடுங்கியவர்களுக்கு இந்நூலின் தத்துவம் புதிதன்று.

பயன்பாடு

கிரேட் டேன் போன்ற, ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களில் இரைப்பை வாயுவால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் ஏற்படுவதுண்டு. குருதியோட்டம் தடைப்படுவதால், உடனடி மருத்துவம் இல்லையெனில் நாய் சில மணி நேரத்திலேயே இறக்கக்கூடும். இரைப்பையை வயிற்றின் வலப்பக்கச் சுவரோடு தைத்துவிட்டால், அது உப்பினாலும் முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. இவ்வறுவையைச் சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம். ஆனால் நீண்ட கருவிகளைக் கொண்டு, திரையைப் பார்த்தபடி வயிற்றுக்குள் முடிச்சிடுவதற்கு நெடிய பயிற்சி தேவை. முள் நூல் இத்தடையை நீக்குகிறது. ஒவ்வொரு தையலும் இறுக்கத்தைத் தானே காப்பதால் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டியதுமில்லை. சில வாரங்களில் இரைப்பையும் சுவரும் வடுத்திசுவால் இணைந்துவிடும். ஆகவே உடலில் கரையும் நூலே போதுமானது.

குதிரைகளில் பெருங்குடல் மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்திற்கும் இடையே சிக்கிக் கடும் வயிற்றுவலி உண்டாவதுண்டு. அது மீண்டும் நிகழாதபடி அவ்விடைவெளியைத் தைத்து மூடும் அறுவையிலும் முள் நூல் பயன்பட்டுள்ளது.

குடல் தையலில் நிலைமை வேறு. இறந்த நாய்களின் குடலில் செய்யப்பட்ட சோதனையில் முள் நூல் தையல் நல்ல கசிவுத் தாங்குதிறனைக் காட்டியது. ஆனால் குடல் தையல் கசியும் வாய்ப்பு மிகுதியாக உள்ள காலம் அறுவைக்குப்பின் 3 முதல் 5 நாட்கள் ஆகும். அழற்சியால் திசு மெலிந்திருக்கும் அந்நாட்களை உயிரற்ற குடலில் உருவாக்கிப் பார்க்க இயலாது.

குறைகள்

தவறான இடத்தில் இட்ட முள் தையலைப் பின்னோக்கி உருவ முடியாது. நூலை வெட்டி மீண்டும் தொடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையும் இடர் தரும். மனிதர்களில், அடிவயிற்று அறுவைகளுக்குப்பின் இத்தகைய முனை சிறுகுடலில் மாட்டி அடைப்பு உண்டாக்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. விலையும் வழக்கமான நூலைவிடக் கூடுதல். பின்னர் உருவி எடுக்க வேண்டிய தோல்மேல் தையலுக்கு இது ஏற்றதன்று. குருதிக்குழாயைச் சுற்றிக் கட்டுவதற்கும் முடிச்சே வேண்டும். ஆகையால் பெண் நாய்களுக்குச் செய்யப்படும் கருத்தடை அறுவையில், சூலகக் குருதிக்குழாய்களைக் கட்ட வழக்கமான நூலே பயன்படுகிறது.