மாட்டு டாக்டர் ஆக என்ன படிக்க வேண்டும்?

பாகூர் கொம்யூனில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பலர் வீட்டில் மாடோ ஆடோ உண்டு. சினை மாடு எப்போது கன்று போடும் என்று ஏறக்குறையச் சரியாகவே சொல்வார்கள். பார்க்க வரும் கால்நடை மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்டால் மட்டும், "ஊசி போடுவாரு சார்" என்பதோடு நின்றுவிடும்.

ஊசி கடைசியில்தான் வருகிறது. நோயாளிக்குப் பேச வராது. தீவனம் எடுத்ததா, அசை போட்டதா, சாணம் எப்படி இருந்தது என்று வளர்ப்பவரிடம் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இடப்பக்க வயிற்றில் கைவைத்து இரைப்பை அசைகிறதா என்று பார்ப்பார். வெப்பநிலை பார்ப்பார், மாட்டுக்கு 101.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு, நமக்கு அது காய்ச்சல். (அசைபோடும் விலங்குகள் பாடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.) கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி, இறைச்சிப் பரிசோதனை, வெறிநோய்த் தடுப்பு எல்லாம் இதே துறைதான்.

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் நிறுவப்பட்டதற்கு, மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் முக்கியக் காரணம். 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் அது.

படிப்பு பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச்.; உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. நம் குரும்பாபேட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரி மாணவர் சேர்க்கையை சென்டாக் நடத்துகிறது. மற்ற மாநிலக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். படித்து முடித்தபின் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஆனால் சிக்கல் பிளஸ் 1 சேர்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது. இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் எடுத்தால்தான் இந்தப் படிப்பு. கணினி அறிவியலுக்காக உயிரியலை விட்டவர், வீட்டில் எத்தனை கன்று ஈன்றதைப் பார்த்திருந்தாலும், விண்ணப்பிக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை: மாட்டைப் பிடிக்க பலம் வேண்டாமா என்பார்கள் வீட்டில். மாட்டை நிறுத்தக் கம்பிச் சட்டம் இருக்கிறதே!

தேர்வு முடிவு வந்தபின் யோசிக்க நேரம் இருப்பதில்லை. அதனால் பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே இதைப் பேசிவிடுகிறேன்.