பூஜ்யம் வேற, ‘நல்’ வேற: பள்ளிக்கூடத்துத் தனியறைகள்

டேட்டாபேஸ் வேலைக்கு வந்த புதுசுலயே எல்லாரும் கத்துக்கற பாடம் ஒண்ணு இருக்கு: பூஜ்யம் வேற, ‘நல்’ வேற. பூஜ்யம்னா, எண்ணிப் பார்த்தோம், ஒண்ணும் இல்லை. ‘நல்’னா, யாரும் எண்ணவே இல்லை. இந்த ரெண்டும் குழம்பினால் குழந்தைகளுக்கு என்ன ஆகும்? அதுதான் இன்றைய எபிசோட். இடம், அமெரிக்கா.

அங்கே சில பள்ளிகளில் ஒரு பிள்ளை கட்டுக்கு அடங்காமல் போனால் ரெண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பெரியவர்கள் கையைக் காலைப் பிடித்து அசையவிடாமல் அமுக்குவது. மற்றொன்று, வெளியே வர முடியாதபடி தனியறையில் அடைப்பது. குப்புறப் படுக்கவைத்து அமுக்கினால் மூச்சே நின்று போகலாம். இப்படிப் பிள்ளைகள் இறந்த சம்பவங்களை நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2009-லேயே எடுத்துச் சொன்னது. அந்த வருடம் டிசம்பரில் மத்தியச் சட்டத்துக்கான மசோதா வந்தது. 2010 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை.

யாருக்கு இது நடக்கிறது? 2017-18 கல்வியாண்டில் சுமார் 1,02,000 மாணவர்களுக்கு நடந்ததாகக் கணக்கு. மொத்த மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் 13 சதவீதம்தான். ஆனால் பிடித்து அமுக்கப்பட்டவர்களில் அவர்கள் 80 சதவீதம், அடைக்கப்பட்டவர்களில் 77 சதவீதம்.

அந்தக் கணக்கையாவது நம்பலாமா? இங்கதான் நம்ம ‘நல்’ வருது. 2015-16-க்கான தரவில், 17,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்களில் 70 சதவீதம் ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கொடுத்தன. லட்சம் மாணவர்களுக்கு மேல் உள்ள 30 பெரிய மாவட்டங்களில் 9 கொடுத்த பூஜ்யம் தவறு என்று 2019-ல் அதே தணிக்கை அலுவலகம் சொன்னது. சிலர் கணக்கே எடுக்கவில்லை, சிலர் நடந்ததைச் சொல்லவில்லை.

இல்லினாய்ஸ் கதை இதைவிட வேதனை. அங்கே பள்ளிகள் ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதித்தான் வைத்திருந்தன. மாநில அரசுதான் எடுத்துப் படிக்கவில்லை. புரோபப்ளிகாவும் சிகாகோ டிரிப்யூனும் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தன. சுமார் 15 மாதங்களில் 20,000-க்கும் மேற்பட்ட தடவை பிள்ளைகளைத் தனியாக அடைத்திருக்கிறார்கள். யாருக்காவது ஆபத்து இருந்தால் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். எழுதியிருந்த காரணங்களைப் பாருங்க: பாலைக் கொட்டியது, பாடம் எழுத மறுத்தது. 2019 நவம்பரில் செய்தி வெளியான மறுநாளே மாநிலக் கல்வி வாரியம் அவசர விதி போட்டது. இனி கதவைப் பூட்டக் கூடாது, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் கூடவே இருக்கணும்.

சட்டம் முன்னாடியே இருந்தது, பதிவும் இருந்தது. படிக்க ஒரு ஆள் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

இதில் பல பிள்ளைகளுக்குப் பேச வராது. வீட்டுக்கு வந்து “அம்மா, என்னை அடைச்சு வச்சாங்க” என்று சொல்ல முடியாது. அவர்களுக்காகப் பேசுவது அந்தப் பதிவு மட்டும்தான். அதனால எந்தப் பள்ளியாவது “எங்ககிட்ட பூஜ்யம்”னு சொன்னா, சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: “எண்ணினது யாரு?”