கடன்கொடுத்தோர் கூட்டமும் நீதிமன்றத் தவணையும்

கடனில் அமிழ்ந்த கம்பனியொன்றை உடனே கலைத்து, எஞ்சியதைப் பங்கிட்டுக் கொள்வதா? அன்றிச் சிறிது காலம் பொறுத்து, அதனை உயிர்ப்பிக்க வழியுண்டாவெனப் பார்ப்பதா? வணிக உலகில் இக்கேள்வி அடிக்கடி எழுவதாகும். இதற்கு அவுஸ்திரேலியர் கண்ட விடை ஆராயத்தக்கது.

1988 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழு அளித்த அறிக்கையின் பயனாக, 1993 இல் புதிய முறையொன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, கடனைத் தீர்க்க இயலாத கம்பனியின் பணிப்பாளர்கள், சுயேச்சையான நிருவாகி ஒருவரிடம் கம்பனியை ஒப்படைக்கலாம். அவர் கணக்குகளை ஆராயுங் காலத்தில், கடன்கொடுத்தோர் பொதுவாக வழக்குத் தொடரவோ, சொத்தைக் கைப்பற்றவோ இயலாது. இஃது ஒரு வகைப் போர்நிறுத்தம் எனலாம்.

ஆயினும் இப்போர்நிறுத்தம் எல்லையற்றதன்று. கடன்கொடுத்தோரின் இரண்டாவது கூட்டத்தை வழக்கமாக 20 வேலை நாட்களுள் நிருவாகி அழைத்தல் வேண்டும். நத்தார், ஈஸ்டர் காலங்களையொட்டி 25 நாட்கள் உண்டு. கம்பனியுடன் உடன்படிக்கை செய்வதா, அதனைக் கலைப்பதா, பணிப்பாளரிடமே மீள ஒப்படைப்பதா என்பதை அக்கூட்டமே முடிவு செய்யும்.

சிறு கடையொன்றுக்கு இக்காலம் போதுமானதாகலாம். பல நகரங்களிற் கிளைபரப்பிய பெருங் கம்பனிக்குப் போதாது. ஆகவே, கெடுவை நீட்டும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால், கேட்டவுடன் கொடுக்கும் வரமன்று அது. தவணை நீளும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் காத்திருக்கின்றார்: சரக்குக் கொடுத்துப் பணம் பெறாத வியாபாரி, வேலை நிலைக்குமோவென ஏங்கும் தொழிலாளி, கட்டடத்தை மீளப் பெற இயலாத உரிமையாளர். விரைவு வேண்டுமென்ற எதிர்பார்ப்பையும், அவசரத்தால் கடன்கொடுத்தோரின் பங்கு குறைந்துவிடலாகாதென்ற கவலையையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டுமென 2001 இல் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியது. வெறும் வேலைப்பளு போதிய காரணமாகாது. மேலதிக காலத்தால் விளையும் பயனை நிருவாகி சான்றுகளுடன் காட்ட வேண்டும்.

2020 ஏப்பிரல் மாதம் வர்ஜின் அவுஸ்திரேலியா விமானக் கம்பனி, கொவிட் நோய்ப் பரவலால் நிலைகுலைந்து நிருவாகிகளிடம் சென்றது. அதன் கடன் 600 கோடி டொலருக்கும் மேற்பட்டது. விமானங்கள் தரையில் நிற்க, 20 நாட்களில் அதனை வாங்குவார் எவர்? சமஷ்டி நீதிமன்றம் சுமார் மூன்று மாதத் தவணை வழங்கியது. யூன் மாத இறுதியில் பெயின் கப்பிட்டல் நிறுவனத்துடன் விற்பனை உடன்பாடு ஏற்பட்டது. செப்டெம்பர் 4 ஆந் திகதி கடன்கொடுத்தோர் அதனை ஏற்றனர்.

கம்பனி பிழைத்தது. எனினும், ஈடின்றிக் கடன் கொடுத்தோருக்கு டொலருக்கு 9 முதல் 13 சதம் வரையே கிடைக்குமென மதிப்பிடப்பட்டது. சுமார் 3,000 வேலைகள் குறைக்கப்படவிருந்தன. தவணை இழப்பை நீக்குவதில்லை. விலைபேசுவதற்கு வேண்டிய அவகாசத்தை மட்டுமே அது தருகின்றது. அந்த அவகாசத்தின் விலையைக் காத்திருப்போரே செலுத்துவதால், அதனை அளந்து கொடுத்தல் நீதிமன்றத்தின் கடனாகின்றது.