இதயத்துக்குள் ஊசலாடும் கட்டி

ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்தால் மட்டும் சிலருக்கு மூச்சு முட்டும். சிலர் நின்றபடியே மயங்கி விழுவார்கள். ஆஸ்துமா என்றோ வால்வுக் கோளாறு என்றோ வைத்தியம் நடக்கும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால்தான் உண்மை தெரியும்: இடது மேலறையில் காம்போடு தொங்கும் ஒரு கட்டி, துடிப்புக்குத் துடிப்பு அந்த அறையின் வாசலான மைட்ரல் வால்வுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்.

இதன் பெயர் மிக்சோமா. பெரியவர்களின் இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். புற்று அல்ல, ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. பல கட்டிகள் நுங்குபோலக் கொழகொழப்பானவை. ஒரு துணுக்கு உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வையே அடைத்துக்கொண்டால் உயிர் போய்விடும். மாத்திரையில் கரைவதும் இல்லை.

1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார். அதன்பின் நெஞ்செலும்பைப் பிளந்து செய்வதே வழக்கமானது. இப்போது வலது மார்பில், விலா எலும்புகளுக்கு நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர் கீறினால் போதும். சின்னக் கீறல் என்பதால் இதயத்தை நிறுத்த மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தத்தான் செய்கிறார்கள். தொடை இடுக்கின் ரத்தக்குழாய்களில் குழாய் செருகி, உடலை இயந்திரத்தோடு இணைத்துவிட்டு, கேமரா காட்டும் படத்தைப் பார்த்து நீளமான கருவிகளால் வேலை செய்கிறார்கள். கட்டியைப் பிடித்து இழுப்பதில்லை, பிய்ந்துவிடும். காம்பு ஒட்டியிருக்கும் சுவரைச் சுற்றி வெட்டி, முழுசாகப் பைக்குள் போட்டு வெளியே எடுப்பார்கள். சுவரில் விழும் ஓட்டையை, இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்துத் தைத்து மூடுவார்கள். உள்ளே காற்று தங்கிவிடாமல் வெளியேற்றிய பிறகே இதயம் மறுபடி துடிக்க விடப்படும்.

தழும்பு சின்னது என்பதை நான் பெரிய லாபமாக எண்ணவில்லை. பிளந்த நெஞ்செலும்பு சேர இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. புனேயின் கசார்வாடியில் குடியிருந்துகொண்டு பக்கத்துப் போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவருக்கு அது இரண்டு மாதச் சம்பளம். எலும்பைத் தொடாத அறுவையில் அவர் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. தொடை ரத்தக்குழாய் சுருங்கியவர்களுக்கும், வலது நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்கும் பழைய முறையே பத்திரம்.

அகற்றிய பிறகும் சில ஆண்டுகள் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். இளம் வயதிலேயே கட்டி வந்தவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முறை எக்கோ பார்த்துவிடுவது நல்லது.