முதல் குரல் ஒலித்த நாள்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் எழுந்தது எந்த ஆண்டில்? 1446 என்று சொன்னாலும் சரி, 1457 என்று சொன்னாலும் சரி. பராக்கிரம பாண்டியன் திருப்பணியைத் தொடங்கியது 1446இல். ராஜகோபுர வேலை தொடங்கியது 1457இல். பிற்காலத்தில் கோயிலில் பழுது கண்டு சரிசெய்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக மன்னன் சொன்ன சொல்லும் அங்கே கல்லில் இருக்கிறது. எந்த ஆண்டு எதற்குரியது என்று கல்வெட்டே சொல்லிவிடுகிறது.

காற்றில் கலந்த குரலுக்கு ஏது கல்வெட்டு?

குற்றாலம், தென்காசி வீடுகளில் பல தலைமுறைகளாக ஒலிப்பது திருநெல்வேலி வானொலி. அது தொடங்கிய நாள் 1963 டிசம்பர் 1. அரசு நிலையம் என்பதால் தேதி பத்திரமாக இருக்கிறது. கல்லூரி வானொலிகளுக்கு அந்தக் கொடுப்பினை எளிதில் வாய்ப்பதில்லை.

கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 டிசம்பரில் முடிவெடுத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று, அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி அண்ணா எப்.எம்.மைத் தொடங்கிவைத்தார். 90.4 மெகாஹெர்ட்ஸ். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். இன்றைய தெலங்கானாவில் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கிய சங்கம் ரேடியோவையும் ‘முதல்’ என்பார்கள். அது தொண்டு நிறுவனம் உரிமம் பெற்று நடத்தும் சமுதாய வானொலிகளில் முதல். ‘முதல்’ என்றால் எதில் முதல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேதியிலும் அப்படித்தான். உரிமம் கிடைத்த நாள், சோதனை ஒலிபரப்பு நடந்த நாள், திறப்பு விழா நாள் ஆகிய மூன்றும் வேறு வேறு. நூறாண்டுக்கு முன்பே இதற்கு உதாரணம் உண்டு: சென்னை மாகாண வானொலி மன்றம் அமைந்தது 1924 மே 16; ஒலிபரப்பு தொடங்கியதோ ஜூலை 31.

இதில் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பதே சமுதாய வானொலி விதி. நான்காம் மாதத்தில், முதல் நாள் மைக் முன்னால் நடுங்கிக்கொண்டு ‘வணக்கம்’ சொன்ன மாணவியின் குரலை அழித்துவிட்டாலும் கேட்பாரில்லை. பிறகு தேதியைச் சொல்ல மிஞ்சுபவை உரிமக் கடிதம், ஒலிபரப்புப் பதிவேடு, விழா அழைப்பிதழ், மறுநாள் நாளிதழ் ஆகியவைதான். அழைப்பிதழ் விழா நாளை மட்டுமே சொல்லும். குரல் எழுந்த நாளைப் பதிவேடுதான் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே தேதியை எழுத வேண்டும்.

வானொலி நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் ஒலிப்பதிவையும் பதிவேட்டின் முதல் பக்கத்தையும் நூலகத்தில் சேர்த்துவையுங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய அழைப்பிதழோ கேசட்டோ இருந்தால், அதன்மேல் தேதியை எழுதி, படித்த கல்லூரிக்கே கொடுங்கள். பாண்டியன் கல்லில் செய்ததை நாம் காகிதத்திலாவது செய்வோம்.